ஷம்சுரியின் கட்டைவிரல் நகம்

பெந்தோங்கில் எந்தக் கார் எங்கே நின்றாலும் ஷம்சுரி முதலில் அதன் டயரைத்தான் பார்ப்பான். காரில் இருக்கும் ஆளை விசாரிப்பதெல்லாம் அப்புறம். குனிந்து, கட்டைவிரல் நகத்தை ரப்பரில் வைத்து அழுத்துவான். நகம் பதிந்தால் தலையாட்டுவான். பதியாவிட்டால் உதட்டைப் பிதுக்கி, "கல்லு" என்பான். மைத்துனியின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வந்து இறங்கிய காரைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை. ஊரே மாப்பிள்ளைக்குக் கொம்பாங் மேளம் தட்டிக்கொண்டிருக்க, இவன் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான்.

வேலை கோலாலம்பூரில், அடுக்குமாடிகளில் லிப்ட் பழுதுபார்ப்பது. தினமும் மலையேறி இறங்கிப் போய், மலையேறி இறங்கித் திரும்புவான். கார், பழைய சத்ரியா ஜிடிஐ. கையகலக் காருக்குள் பெரிய இன்ஜின். எலிக்குக் குதிரைக்கால் கட்டியது மாதிரி. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. வீட்டில் இருக்கும் ஒரே காரும் அதுதான். அந்த வகைக் கார் வைத்திருக்கும் ஐம்பது பேர் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் அவனுக்கு 'ப்ரொஃபெசர்' என்று பட்டம். யார் எந்த நேரத்தில் டயரைப் பற்றிக் கேட்டாலும் இரண்டு நிமிடத்தில் பதில் வரும். சொன்ன பதிலை அவன் மாற்றியதாகச் சரித்திரம் கிடையாது.

அப்பேர்ப்பட்டவன் தன் டயரைத் தேர்ந்தெடுக்க முடியாமல் இரண்டு வாரமாகத் திண்டாடினான். நான்கும் மொட்டையாகிக்கொண்டிருந்தன. முன்பென்றால் கண்ணை மூடிக்கொண்டு எதையாவது மாட்டியிருப்பான். இப்போது மனைவி மஸ்லினாவுக்கு எட்டாம் மாதம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் கலைந்து, மூன்றாவதாக நின்ற பிள்ளை. உள்ளூர் டாக்டர், "இனிமே ஒவ்வொரு வியாழக்கிழமையும் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்று கடிதம் கொடுத்துவிட்டார். போக மலை. வர மலை. சாயங்காலம் நாலு மணி ஆனால் மலையில் மழை. கார் தரையைத் தொடுவது நாலு உள்ளங்கை அகல ரப்பரில்தான் என்று அவனே குழுவில் நூறு தடவை எழுதியிருக்கிறான். அந்த நாலு உள்ளங்கையின் மேல் இப்போது மூன்று உயிர் உட்காரப் போகிறது.

நல்ல ஜப்பான் டயர் புதிதாக நான்கு வாங்கினால் தொட்டில், பிரசவச் செலவு எல்லாம் அதிலேயே போய்விடும். பெயரே வாயில் நுழையாத மலிவு டயர்களில் நகம் இறங்கவில்லை. மீதி இருந்தது, தாய்லாந்தில் செய்த சாதாரணக் குடும்பக் கார் டயர். குழுவில் அதற்கு 'டாக்சி டயர்' என்று பெயர் வைத்ததே இவன்தான்.

"ஊருக்கெல்லாம் டயர் சொல்ற ப்ரொஃபெசர் மொட்டை டயர்ல சுத்துறாரு. பல் டாக்டருக்குப் பல்லே இல்லாத கதையா இருக்கு" என்றார் சிகு ரம்டான், நாசி லெமாக் சோற்றுக் கடையில். பெந்தோங் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அதனால்தான் சிகு. அதே வகைக் காரில் இரண்டு பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினமும் மலைமேலிருக்கும் ஜண்டா பாயிக்கிலிருந்து இறங்கி வருபவர். குழுவில் ஷம்சுரிக்கு நெருக்கமான சிநேகிதர்.

"பொண்டாட்டி புள்ளைய வெச்சுக்கிட்டு மலை ஏறணும் சிகு. சும்மா எதையாச்சும் வாங்கிட முடியுமா?"

"அப்ப டாக்சி டயர் போடு. டாக்சிக்காரன் எல்லாம் உசிரோடதானே இருக்கான்?"

"அதப் போட்டா என் கார் வெக்கப்பட்டு ஸ்டார்ட்டே ஆகாது."

சிகு சிரித்தார். ஷம்சுரியும் சிரித்தான். ஆனால் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

அந்தச் சனிக்கிழமை டயர் கடை ஃபூங் போன் செய்தார். "பாஸ், ஜப்பான்லேர்ந்து பழைய டயர் கன்டெய்னர் நேத்துதான் வந்துச்சு. உங்க சைஸ்ல ரெண்டு செட் இருக்கு. பூவ வந்து பாருங்க. பாத்தீங்கன்னா வுட மாட்டீங்க."

டயரில் ஓடும் வரிப்பள்ளத்துக்கு எங்கள் பக்கத்தில் பூ என்றுதான் பெயர். ஃபூங் பொய் சொல்லவில்லை. பூ அவ்வளவு ஆழம். அதன் கட்டிகள் முழுக்க மயிரிழை போல நெளிநெளியாகக் கீறல்கள். ஓரத்தில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்தான். செய்து இரண்டே வருஷம். நகத்தை வைத்தான். தொதோல் அல்வாவில் இறங்குவது மாதிரி இறங்கியது. இவ்வளவு மெத்தென்ற ரப்பரை அவன் ஆயுளில் தொட்டதில்லை. மென்மை என்றால் பிடிப்பு, பிடிப்பு என்றால் உயிர் என்பதுதான் அவன் இருபது வருஷத்துப் பாடம். வெளுத்ததெல்லாம் பால் என்பவனுக்கும் இவனுக்கும் அன்றைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

விலை, புது டயரில் மூன்றில் ஒரு பங்கு. ஃபூங் மாட்டி முடிப்பதற்குள் ஷம்சுரி குழுவில் படம் போட்டுவிட்டான். கூடவே விளக்கம்: 'இந்த நெளிக் கீறல் எல்லாம் மழைத்தண்ணியக் குடிக்கிறதுக்கு. மலை ரோட்டுக்குன்னே செஞ்ச டயர். சந்தேகம்னா ஓரத்தப் பாருங்க, மலைப் படமே போட்டிருக்கான்.' உண்மைதான், ஓரத்தில் ஒரு சின்ன மலை, அதற்குள் ஆறு கால் கொண்ட ஒரு பூ.

மறுநாளே சிகு ரம்டான் வந்து இரண்டாவது செட்டை மாட்டிக்கொண்டு போனார். "ப்ரொஃபெசர் சொன்னா நான் கணக்குப் போட்டுக்கூடப் பாக்க மாட்டேன்" என்று குழுவில் எழுதினார். ஷம்சுரி அந்த வரியை இரண்டு தடவை படித்தான்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சத்தமே இல்லை. "மெத்தையில போற மாதிரி இருக்கு, அபாங்" என்றாள் மஸ்லினா, கடைத்தெரு வரை போய் வந்தபோது. ஆனால் திங்கள்கிழமை மலை வளைவில் ஸ்டீரிங்கைத் திருப்பினால் கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்பியது. பின்பக்கம் தூக்கக் கலக்கத்தில் நடப்பவன் மாதிரி அசைந்தது. காற்று குறைவோ என்று காற்றை ஏற்றினான். கூடவோ என்று இறக்கினான். சக்கரக் கோணத்தைச் சரிபார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது, கார் மட்டும் சரியாக இல்லை.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மலையுச்சியான கெந்திங் செம்பா தாண்டி இறக்கத்தில் இடது வளைவு. ஆயிரம் தடவை போன வளைவு, வேகமும் அதிகமில்லை. ஸ்டீரிங்கைத் திருப்பினான், கார் திரும்பவில்லை. நேராக, சத்தமில்லாமல், தடுப்புக் கம்பியைப் பார்த்து வழுக்கிக்கொண்டு போனது. பிரேக்கை மிதிக்கக் கூடாது என்று தெரிந்திருந்ததால் மிதிக்கவில்லை. கம்பிக்கு ஒரு முழம் இருக்கையில் டயர் எதையோ பிடித்தது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டே போனான். ஷம்சுரி காரை ஓரமாக நிறுத்தினான். பக்கத்து சீட்டைப் பார்த்தான். அதில் மஸ்லினாவின் சின்னத் தலையணை இருந்தது, முதுகுக்கு வைத்துக்கொள்வது.

யானைக்கும் அடி சறுக்கும் என்று யாரிடமாவது சொல்லியிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். அவன் சொல்லவில்லை. ரோட்டில் எண்ணெய் சிந்தியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வீட்டில், "ஏன் லேட்டு?" என்றாள் மஸ்லினா. "ஜாம்" என்றான். குழுவில் அன்று இரண்டு பேர் அந்த டயர் இன்னும் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள். 'ஸ்டாக் முடிஞ்சிடுச்சு' என்று மட்டும் பதில் போட்டான். அவனுக்கு வந்த துணிச்சல் அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலையில் நல்ல வெயில். மஸ்லினாவை ஏற்றிக்கொண்டு போனான். வேறு வண்டி கேட்டால் காரணம் சொல்ல வேண்டுமே! ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கிடைத்த நம்பர் எழுபத்துநாலு. அப்போது நாற்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது. ஷம்சுரி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஜன்னலுக்குப் போய் மலைப்பக்கம் வானத்தைப் பார்த்தான். பன்னிரண்டு மணிக்குப் பஞ்சு மாதிரி இருந்த மேகம் ஒன்றரைக்குக் கறுத்துவிட்டது. டாக்டர் கூப்பிட்டபோது மணி இரண்டே கால். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பை ஸ்பீக்கரில் போட்டார்கள். டக்டக்கென்று குதிரை ஓடுவது மாதிரி கேட்டது. மஸ்லினா அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் பதினோரு வருஷம் காத்திருந்தான். ஆனால் அப்போதும் அவன் காது வெளியே இடி இடிக்கிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்பும்போது அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வாய்க்குள் ஓதிக்கொண்டே ஓட்டினான். மஸ்லினா ஜன்னலுக்கு மேலிருந்த பிடியைப் பற்றிக்கொண்டு அவனையே பார்த்தாள். பெந்தோங் டோலைக் கடந்த பிறகுதான் முதல் துளி கண்ணாடியில் விழுந்தது.

சனிக்கிழமை மத்தியானம், வாசலில் காரைக் கழுவினான். மஸ்லினா பிளாஸ்டிக் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து ஜம்பு பழத்தை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். பிரசவ விடுப்புக்கு முன்னால் அவளுக்கு மின்சாமான் கடையில் வேலை. பத்து வருஷமாக ஐஸ்பெட்டி விற்றவள்.

"அபாங், உங்க டயர்ல எதுக்கு ஐஸ்பெட்டி அடையாளம் போட்டிருக்கான்?"

"என்ன அடையாளம்?"

"அதோ, மலைக்குள்ள. ஃப்ரீசர் கதவுல போட்டிருக்குமே. நம்ம ஏர்கான் ரிமோட்ல கூட இருக்கு. குளிர்னு அர்த்தம்."

"அது பூ, லினா."

"பூவா? நான் பத்து வருஷமா கஸ்டமருக்கு வெரல வெச்சுக் காட்டுன அடையாளம் எனக்குத் தெரியாதா? அது பனி. மலை மேல பனி."

ஷம்சுரியின் கையிலிருந்த குழாயின் தண்ணீர் அவன் காலிலேயே பாய்ந்துகொண்டிருந்தது. பனி. ஜப்பான்காரன் பனிக்காலத்துக்கென்று தனியாக மாட்டி, பனி போனதும் கழற்றிப் போடும் டயர். ஐஸில்கூட இறுகாத ரப்பர். அந்த ரப்பரைக் கொண்டுவந்து இந்த ஊர் வெயிலில் ஓட்டினால் அது கஞ்சியாகாமல் என்ன ஆகும்? நகம் இறங்கியதே, இறங்காமல் என்ன செய்யும்! பனியைப் பார்க்காத ஊரில் ஐம்பது பேருக்குப் பாடம் எடுத்த மேதாவி, மலைப் படம் போட்டிருக்கிறான் பாருங்கள் என்று வேறு எழுதி வைத்திருக்கிறான்.

"மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு?"

அவன் சொன்னான். செவ்வாய்க்கிழமை, வளைவு, தடுப்புக் கம்பி, லாரி. எல்லாவற்றையும் குழாயை மூடாமலேயே சொல்லி முடித்தான்.

மஸ்லினா பழத்தைக் கீழே வைத்தாள். "செவ்வா" என்றாள். "அப்புறம் புதன். அப்புறம் வியாழன்." நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வியாழக்கிழம என்னை அந்தக் கார்லதான ஏத்திட்டுப் போனீங்க?"

"வெயிலா இருந்துச்சு…"

"வழியெல்லாம் வானத்தையே பாத்துட்டு ஓட்டுனீங்க. எனக்காகக் கவலப்படுறீங்கன்னு நெனச்சேன்."

"ஒனக்காகத்தான் லினா."

"எனக்காகன்னா வாயத் தெறந்திருப்பீங்க. ப்ரொஃபெசர் பட்டம் போயிடும்னுதான தெறக்கல?"

அவள் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. அவமானத்தில் அவனுக்குக் காது மடல் எரிந்தது. அதைவிட, அவள் வயிற்றின் மேல் கையை வைத்து ஒரு அடி பின்னால் நகர்ந்தாளே, அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"சிகுவும் அதே டயர்தான போட்டிருக்காரு?" என்றாள் திடீரென்று.

ஷம்சுரி நிமிர்ந்து பார்த்தான். மலை இருந்த இடத்தில் மலை இல்லை. கறுப்பாக மேகம்தான் இருந்தது. சனிக்கிழமைகளில் சிகு பிள்ளைகளை டியூஷன் முடித்துக் கூட்டிக்கொண்டு மூன்று மணி வாக்கில் மலையேறுவார். மணி மூன்று பத்து.

போன் போட்டான். அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டான். மறுபடி ஓய்ந்தது. "போடுங்க, போட்டுட்டே இருங்க" என்றாள் மஸ்லினா. கோபத்தையெல்லாம் மறந்து அவளும் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். மூன்றாவது தடவை அடித்துக்கொண்டிருக்கும்போது தூரத்தில் இடி உருண்டது. நாலாவது தடவை எடுத்தார்.

"சொல்லு ப்ரொஃபெசர். கழிவறையில இருந்தேன்லா."

"சிகு, எங்க இருக்கீங்க?"

"மலைக்குக் கீழ, பெட்ரோல் ஸ்டேஷன்ல. மழை வர்ற மாதிரி இருக்கு. நின்னுட்டுப் போலாம்னு பாக்குறேன்."

"ஏறாதீங்க! டயர் தப்பு. அது பனியில ஓட்டுற டயர், மழைக்கு ஆகாது. செவ்வாக்கிழமையே என் கார் வழுக்கிடுச்சு. தெரிஞ்சும் நான் சொல்லல. தப்பு என் மேலதான் சிகு."

அந்தப் பக்கம் பிள்ளைகள் ஐஸ்கிரீமுக்குச் சண்டை போடுவது கேட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் சிகு.

"என்ன சிகு?"

"புதன்கிழம எனக்கும் வழுக்குச்சு. சின்னவ பயத்துல வாந்தி எடுத்துட்டா. அதான் இன்னிக்கு இருபது நிமிஷமா இங்கயே உக்காந்திருக்கேன், ஏறத் தைரியம் இல்லாம. எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு, இனிமே புள்ளைங்கள வெச்சு ஓட்டக் கூடாது, கார வித்துடலாம்னு நேத்து ராத்திரி பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டேன். ப்ரொஃபெசர் சொன்ன டயர் தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லப்பா."

ஷம்சுரி ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். சிகு திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அந்த மனிதர் நாலு நாளாகத் தன் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறார், கையைச் சந்தேகப்பட்டிருக்கிறார், இவனை மட்டும் சந்தேகப்படவில்லை. அவன் அழுததை மஸ்லினா பார்த்தாள். பார்க்காத மாதிரி போய்க் குழாயை மூடினாள்.

அன்று சாயங்காலமே குழுவில் எழுதினான். எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் நாலே வரி. சாக்கு எதுவும் சொல்லவில்லை. ஒருவன் பனிமனிதன் படம் போட்டான். இன்னொருவன், 'ப்ரொஃபெசர், கம்பளிச் சட்டை வேணுமா?' என்று கேட்டான். கிண்டல் மறுநாள் வரை ஓடியது. அத்தனையையும் அவன் ஒன்று விடாமல் படித்தான். வலிக்கத்தான் செய்தது.

திங்கள்கிழமை ஃபூங் கடைக்கு மஸ்லினாவும் வந்தாள். விஷயத்தைக் கேட்ட ஃபூங் மூக்குக்கண்ணாடியை ஏற்றி அந்த மலைக்குறியை வெகுநேரம் பார்த்தார். "அய்யோ பாஸ், நான் பனிய எங்க கண்டேன்? எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்லதான் கண்டேன்" என்றார். இரண்டு செட்டையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று அவரே சொன்னார். ஷம்சுரி பழக்க தோஷத்தில் தட்டிலிருந்த டயர்கள் பக்கம் நகத்தை நீட்டினான். மஸ்லினா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"தவுக்கே" என்று கடை முதலாளியைக் கூப்பிட்டாள். "நானும் கடையில நின்னவதான். நல்ல சரக்கு எதுன்னு கேக்க மாட்டேன். மழையில வழுக்குதுன்னு யாரும் திரும்பக் கொண்டாந்ததே இல்லாத டயர் எது?"

ஃபூங் யோசிக்கவே இல்லை. உள்ளே கைகாட்டினார். டாக்சி டயர்.

ஷம்சுரி சாவியை எடுத்து ஃபூங்கிடம் கொடுத்தான். புதிதாக நாலு, தொட்டிலுக்கு வைத்ததில் கை வைக்காமலேயே முடிந்தது. சிகுவுக்கும் அதே டயர்தான். இந்தத் தடவை மாட்டுமுன் சிகு அதைப் பற்றி முப்பது கேள்வி கேட்டார். ஷம்சுரி பாதிக் கேள்விகளுக்குத் தெரியாது என்றான்.

வியாழக்கிழமை திரும்பும்போது மழை மலையுச்சியிலேயே பிடித்தது. துடைப்பான் தள்ளத் தள்ளத் தண்ணீர். ஷம்சுரி இடது ஓரமாக ஒரு காய்கறி லாரிக்குப் பின்னால் ஊர்ந்தான். மஸ்லினாவின் கை ஜன்னல் பிடியில் இருந்தது.

இறக்கத்தில் இடது வளைவு வந்தது. "இங்கதானா?" என்றாள்.

"இங்கதான்."

கார் வளைவில் நுழைந்தது. ஸ்டீரிங் சொன்னபடி திரும்பியது. தடுப்புக் கம்பி பக்கத்தில் வந்து, பேசாமல் பின்னால் போனது.

"எப்படி இருக்கு?"

நல்லா இருக்கு என்றுதான் வாயில் வந்தது. அதை விழுங்கினான். "டயர் நல்லாத்தான் இருக்கு லினா. எனக்குத்தான் பயமா இருக்கு. கை நடுங்குது."

மஸ்லினா பிடியை விட்டாள். இரண்டு கையையும் வயிற்றின் மேல் கோத்து வைத்துக்கொண்டு சீட்டில் சாய்ந்தாள்.

"அது போதும். இப்படியே சொல்லிக்கிட்டே ஓட்டுங்க" என்றாள்.

அவன் சொன்னான். அடுத்த வளைவு வருகிறது, லாரி பிரேக் போடுகிறது, வலதுபக்கம் தண்ணீர் தேங்கியிருக்கிறது, நெஞ்சு இன்னும் படபடக்கிறது, இப்போது கொஞ்சம் பரவாயில்லை. பெந்தோங் டோல் வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தான். பாதி வழியில் அவள் தூங்கிப்போனாள். அதற்குப் பிறகும் அவன் நிறுத்தவில்லை.